சப்பரத்துக்கும் டெம்போவுக்கும் நடுவில்

மதினி, நேற்றுக் காலை கடைக்குப் புதுச் சரக்கு வந்தது. லாரி ஆபீஸ் ஆள் மூட்டையைக் கவுண்டர்மேல் போட்டுவிட்டுப் போனதும் நான்தான் பிரித்தேன். ரப்பர் உறை போட்ட மூன்று கம்பி ஒயர், கறுப்பு நிறம். பிரித்த உடனே அந்த வாசனை வந்தது. புது ரப்பரும் அதன்மேல் தூவிய வெள்ளைப் பவுடரும் கலந்த வாசனை. உங்கள் சேலையில், உங்கள் தலையணையில், நீங்கள் பிசைகிற சப்பாத்தி மாவில்கூட அது இருக்கிறது என்று கேலி பண்ணுவேனே, அதே வாசனைதான். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பல்பு ஹோல்டர் கேட்டு ஒருவர் வந்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். அவரும் பொறுத்தார். அழுகிற பொம்பளையிடம் யார்தான் ஹோல்டர் கேட்பார்கள்.

நீங்கள் போன பிறகு வந்த முதல் திருவிழா போன வாரம் முடிந்தது. அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். ஆனால் எதையும் நேராகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, சுற்றி வளைத்துத்தான் வருவேன். "ரோசி, மீட்டர் பெட்டியில இருந்து கெணத்துக்கு நேரா வா. ஊரைச் சுத்துனா ஒயருதான் வீணாப் போகும்" என்பீர்கள். இன்றைக்குக் கொஞ்சம் ஒயர் வீணாகட்டும், பரவாயில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நீங்கள் செம்பட்டியிலிருந்து எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தீர்கள். உங்கள் அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருந்தார். எரிந்துபோன மோட்டார்களுக்கு நடுவில் வளர்ந்த பெண் என்று தரகர் சொன்னபோது அம்மா முகத்தைச் சுளித்தது எனக்கு நினைவிருக்கிறது. அண்ணனுக்குத் திண்டுக்கல் கடைத்தெருவில் எலக்ட்ரிக்கல் சாமான் கடை. நான் கல்லாவில் உட்கார்ந்து பில் போடுவேன். உங்களுக்கும் எனக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். கல்யாணமான புதிதில் மற்ற பெண்கள் கொடைக்கானல் போகலாமா என்று கேட்பார்கள். நீங்கள் கடைக்கு வரலாமா என்று கேட்டீர்கள். வந்தீர்கள். கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றவர், அதற்குப் பிறகு அங்கேயிருந்து நகரவே இல்லை.

முதல் சில மாதங்கள் எனக்கு உங்கள்மேல் எரிச்சலாகத்தான் இருந்தது. ஒருவர் வந்து இத்தனை மீட்டர் ஒயர் கொடுங்கள் என்றால் அளந்து வெட்டிக் கொடுப்பதுதானே வியாபாரம். நீங்கள் கேள்வி கேட்பீர்கள். எதற்கு ஒயர், மோட்டாருக்கா, மோட்டார் எத்தனை குதிரைச் சக்தி, மெயினிலிருந்து எவ்வளவு தூரம், மண்ணுக்குள்ளே போகிறதா மரத்தில் தொங்குகிறதா, அந்த இடத்தில் ஆடு கட்டுவார்களா. ஆடு கட்டுவார்களா என்று கேட்ட அன்றைக்கு நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். ஆடு ஒயரைக் கடிக்கும் என்பது எனக்கும் தெரியும்தான். ஆனால் ஒயர் விற்கிறவள் ஆட்டைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

நெய்க்காரப்பட்டியிலிருந்து வந்த அந்த விவசாயியை மறக்க முடியுமா. புதிதாக ஆழ்குழாய்க் கிணறு போட்டிருந்தார். மலிவான மெல்லிய ஒயர் போதும் என்றார். நீங்கள் தூரம் கேட்டீர்கள், அவர் சொன்னார். கிணற்று மேடு வரைக்கும்தான் சொல்கிறீர்கள், உள்ளே மோட்டார் இறங்குகிற ஆழத்தையும் சேருங்கள் என்றீர்கள். அத்தனை தூரத்துக்கு மெல்லிய ஒயர் போட்டால் வழியிலேயே வோல்டேஜ் குறைந்துவிடும், மோட்டார் இழுக்க மாட்டாமல் இழுத்துச் சூடாகிக் காயில் கருகும் என்று பொறுமையாகவே சொன்னீர்கள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏனுங்க, ஒயரு கேட்டா ஒயரைக் குடுங்க. என்ற தோட்டத்துக் கதையெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க?"

மெல்லிய ஒயரைக் கொடுக்க நீங்கள் மறுத்துவிட்டீர்கள். அவர் எதிர்க்கடைக்குப் போனார். திரும்பி வரவே இல்லை. அவருடைய மோட்டார் எரிந்ததா, இன்றுவரை ஓடுகிறதா, நமக்குத் தெரியாது. அன்று மத்தியானம் சாப்பிடும்போது அண்ணன் அதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டார். நீங்கள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, எங்கப்பா பட்டறைக்கு ஒரு வேலை குறைஞ்சா எனக்கு நட்டந்தானே, அதையும் யோசிச்சுத்தான் சொன்னேன் என்றீர்கள். அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. உங்களிடம் சண்டை போடுவது அப்படித்தான். ஆரம்பிக்கலாம், முடிக்க முடியாது.

புதிதாக வருகிற ஒவ்வோர் ஒயர்க் கட்டிலும் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டுவீர்கள். கத்தியால் உறையைச் சீவிக் கம்பியின் இழைகளை எண்ணுவீர்கள். பிறகு உறையை மெழுகுவத்தியில் காட்டுவீர்கள். நெருப்பை எடுத்ததும் தானாக அணைந்தால் சரக்கு உள்ளே போகும். விடாமல் எரிந்துகொண்டே இருந்தால் கட்டு வந்த வழியே திரும்பிப் போகும். கோயிலில் மிஞ்சிய மெழுகுவத்தியைத்தான் இதற்கு வைத்திருந்தீர்கள். கடைக்கு வருகிறவர்கள் கவுண்டரில் எரிகிற மெழுகுவத்தியைப் பார்த்து, அக்கா ஜெபம் பண்றாங்க என்று வெளியே நின்றது எத்தனை தடவை.

ஆனால் நான் உங்களை வியந்தது இதற்காக இல்லை. நல்ல ஒயர் எது, கெட்ட ஒயர் எது என்று கொஞ்ச நாள் இந்தத் தொழிலில் இருந்தால் யாருக்கும் தெரிந்துவிடும். மனிதர்கள் அந்த ஒயரை என்ன பாடு படுத்துவார்கள் என்று நீங்கள் முன்கூட்டியே பார்த்தீர்கள். மாவு கிரைண்டருக்கு ஒயர் வாங்க வந்தால், ஈரக் கையோடு பிளக்கைப் பிடுங்குவார்கள், அதுவும் பிளக்கைப் பிடித்து இல்லை, ஒயரைப் பிடித்துத்தான் இழுப்பார்கள் என்று நினைத்து எடுத்துக் கொடுப்பீர்கள். நம் தெருவுக்கு வருகிற மூன்று பேஸ் லைனில் ஒன்றில் கரண்ட் போனால் எல்லாக் கடையும் ஒரே நேரத்தில் கரண்ட் இருக்கிற பேஸுக்குத் திருப்பிக்கொள்ளும், சற்று நேரத்தில் அதுவும் தாங்காமல் படுத்துவிடும். இதற்காகவே நம் கடை மெயினுக்கு ஒரு சைஸ் பெரிய ஒயர் போட வைத்தீர்கள்.

பியூஸ் விஷயமும் அதே மாதிரிதான். பியூஸ் போனால் நம் ஆட்கள் கையில் கிடைத்த செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டிவிடுவார்கள். அப்புறம் பியூஸ் போகாது, வீடுதான் போகும். அண்ணன் அப்படிக் கட்டுகிறவர்களைக் கடையில் வைத்தே திட்டுவார். நீங்கள் திட்டியதே இல்லை.

"இருட்டுல பச்சப்புள்ளை அழுகுதுன்னா அவன் எதையாவது எடுத்துக் கட்டத்தான் செய்வான். அவனைத் திட்டி என்ன செய்ய? கம்பி கட்டவே முடியாத ஒண்ணை நாமதான் குடுக்கணும்."

அப்படிச் சொல்லித்தான், அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கிற எம்.சி.பி. சுவிட்சுகளை ஊரில் பெரிதாக யாரும் சீந்தாத நாளிலேயே வாங்கி அடுக்கினீர்கள். அவை தூசி படிந்து கிடந்ததும், நான் அவற்றை உங்கள் சீதனம் என்று கிண்டல் செய்ததும், பிறகு ஒவ்வொன்றாக விற்றதும் உங்களுக்கே தெரியும்.

இப்போது நேராகக் கிணற்றுக்கு வருகிறேன்.

அண்ணன் திருவிழாக் கமிட்டித் தலைவரான வருஷம். அவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அந்த இடத்துக்கு வந்ததில்லை. சலவை வேட்டியைப் பத்து நாளைக்கு முன்பே எடுத்து வைத்துவிட்டார். மாதா சப்பரப் பவனி நல்லபடியாக நடக்க வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு மூச்சு, பேச்சு எல்லாம்.

நம் சப்பரத்துக்கு மேலே மரச் சிற்பம், கீழே இரும்புச் சட்டம். சுற்றிலும் வரிசை வரிசையாகச் சீரியல் பல்புகள். பின்னாலேயே ஒரு டெம்போ, அதன் இரும்புத் தளத்தில் ஜெனரேட்டர். இரண்டுக்கும் நடுவே ஒயர். வருஷா வருஷம் அந்த ஒயர் முறுக்கிய இரண்டு கம்பிதான். அந்த வருஷம் நீங்கள் அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டீர்கள். ரப்பர் உறை போட்ட மூன்று கம்பி ஒயர் போட வேண்டும், டெம்போவில் ஒரு ட்ரிப் சுவிட்ச் வைக்க வேண்டும். மூன்றாவது கம்பி எதற்கு என்று லைட் செட்காரர் கேட்டார். அது சப்பரத்தின் இரும்பையும் ஜெனரேட்டரின் உடம்பையும் சேர்த்துக் கட்டுகிற எர்த் கம்பி, எங்காவது கரண்ட் கசிந்து இரும்பில் ஏறினால் அந்தக் கம்பி வழியாகத் திரும்பி ஓடும், ஓடினதும் சுவிட்ச் விழுந்துவிடும் என்றீர்கள். இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலையே என்றார் அவர். ஆகியிருந்தா நாம இங்க பேசிக்கிட்டு இருக்க மாட்டோமே என்றீர்கள். மனைவி கேட்டதாயிற்றே என்று அண்ணன் சரி சொல்லிவிட்டார். அந்தச் சாமானை நம் கடையிலிருந்தே கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்தோம்.

சப்பரம் வரும்போது நம் சனங்கள் உப்பும் மிளகும் வீசுவார்கள். மரு உதிர வேண்டும், தேமல் மறைய வேண்டும், பிள்ளைக்குச் சொறி ஆற வேண்டும் என்று ஒவ்வொருவரும் ஒரு பொட்டலம் நேர்ந்துகொண்டு வருவார்கள். உங்கள் கையிலும் ஒரு பொட்டலம் இருந்தது. விரலில் இருந்த மருவுக்கு. ஊருக்கெல்லாம் ஒயர் சோதிக்கிறவர் மருந்துக்கடைக்குப் போகாமல் உப்புப் பொட்டலத்தோடு நிற்கிறாரே என்று நான் கேட்டதற்கு, மருந்துக்கடையிலயும் கேட்டுட்டேன், இங்கயும் கேட்டு வைக்கிறேன், யாரு முந்துறாகன்னு பாப்போம் என்றீர்கள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் சப்பரம் கிளம்பியது. கிளம்பும்போதே தூறல். முதல் தெருவில் உப்பு விழ ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் எல்லா விளக்கும் அணைந்தது. சுவிட்ச் விழுந்திருந்தது. ஏற்றிவிட்டார்கள். முக்குத் திரும்பும்போது மறுபடி அணைந்தது. மாதா இருட்டில் நின்றார். கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. இந்த வருசம் என்ன அபசகுனமோ என்று ஒரு கிழவி எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள். அண்ணன் முகத்தை நான் பார்த்தேன். வேட்டியெல்லாம் நனைந்து, அழப்போகிற முகமாக இருந்தது. சப்பரத்துக்குப் பின்னால் லைட் செட்காரரோடு என்னவோ பேசினார். விளக்கு எரிந்தது. அதற்கப்புறம் அணையவே இல்லை. கமிட்டிக்காரர்கள் லைட் செட்காரர் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள்.

நாம் இரண்டு பேரும் பெண்கள் வரிசையில் சப்பரத்துக்குப் பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்தோம். சப்பரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிய ஓர் அம்மா, கண்ணில் நீரோடு நம்மிடம் சொன்னாள்.

"தொட்டதும் கையில சுர்ருன்னு ஏறுச்சு தாயி. இந்த வருசம் மாதாவே எறங்கி வந்திருக்காக."

அவளுக்குப் பின்னால் வந்தவளும் அதையே சொன்னாள். எனக்கும் மெய் சிலிர்த்தது. தொட்டுக் கும்பிட வேண்டும் என்று ஓரடி முன்னால் வைத்தேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். அப்படி ஒரு பிடியை அதற்கு முன்பும் பின்பும் நான் உங்களிடம் கண்டதில்லை. மற்றக் கையால் உங்கள் பொட்டலத்தைப் பிரித்து, உப்பு முழுவதையும் கீழ் வரிசைப் பல்புகள்மேல் வீசினீர்கள். வீசிவிட்டு விளக்குகளையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நேர்த்திக்கடன் உப்பைப் போட்டுவிட்டு ட்ரிப் ஆகிறதா என்று பார்த்த ஒரே பக்தை உலகத்தில் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

"ரோசி, விழல."

விளக்கு எரிவது நல்லதுதானே என்றேன் நான். இம்புட்டு உப்பும் தூத்தலும் சேர்ந்திருக்கு, கரண்டு கசிஞ்சு சுவிட்ச் விழுந்தே ஆகணும், யாரோ எர்த்தைக் கழட்டிட்டாக என்று சொல்லிக்கொண்டே பின்பக்கமாக ஓடினீர்கள். நானும் கூடவே ஓடினேன்.

அண்ணன் சப்பரத்துக்கும் டெம்போவுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தார். ஒரு கை சப்பரத்தின் இரும்பைத் தள்ளிக்கொண்டிருந்தது. முகத்தைத் திருப்பி, மற்றக் கையால் டெம்போ டிரைவரைக் கிட்ட வா, கிட்ட வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தெரு அந்த இடத்தில் ஏற்றம். டெம்போ முட்டிவிடாமல் பிடித்துக்கொள்ள அந்தக் கை எப்போது வேண்டுமானாலும் டெம்போவின் முகப்பில் விழலாம். ஈரக் கை, ஈர இரும்பு. நான் அண்ணா என்று கத்த வாயைத் திறந்தேன். கத்தாதே, பதறித் திரும்பினால் டெம்போமேல்தான் கை வைப்பார் என்று காதோடு சொல்லிவிட்டு, டெம்போவின் பக்கவாட்டில் மாட்டியிருந்த பெட்டியைத் திறந்து சுவிட்சைக் கீழே இறக்கினீர்கள்.

தெருவே இருட்டானது. பாட்டு நின்றது. யாருடா அது என்று அண்ணனுடைய குரல் வந்தது. நான்தான் என்றீர்கள். இரண்டு டார்ச் லைட்டுகள் உங்கள் முகத்தில் விழுந்தன. கமிட்டித் தலைவருடைய பெண்டாட்டியே சப்பரத்தை இருட்டில் நிறுத்திவிட்டாள் என்பது அரை நிமிஷத்தில் முன்வரிசை வரைக்கும் போய்விட்டது. பங்குச்சாமியார் திரும்பி வந்துகொண்டிருந்தார். அத்தனை பேருக்கு முன்னால் அண்ணன் உங்களைப் பார்த்து, மாதாவை நடுத்தெருவில் இருட்டில் நிறுத்திவிட்டாயே என்றார். மூன்றாவது கம்பியைக் கழற்றியது யார் என்று மட்டும் கேட்டீர்கள். லைட் செட்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தான் கழட்டச் சொன்னேன். கழட்டுனதும் எல்லாம் சரியாப் போச்சு, நீயே பாத்தேல்ல" என்றார் அண்ணன்.

நீங்கள் குரலை உயர்த்தவே இல்லை.

"சரியாப் போகலங்க. அந்தக் கம்பி இருந்தா கசிஞ்ச கரண்டு அதுல ஓடிரும், சுவிட்ச் விழுந்துரும். இப்ப அது விழணும்னா சப்பரத்தையும் டெம்போவையும் சேத்துப் பிடிச்சுக் குறுக்க ஒரு மனுசன் வரணும். அந்த எடத்துல நீங்கதான் நிக்கிறீக."

அண்ணன் தன் கையைப் பார்த்தார். அந்த டார்ச் வெளிச்சத்தில் அவர் உள்ளங்கையை விரித்துப் பார்த்தது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. அவருக்கும் தெருவெல்லாம் சுர்ரென்று ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. மாதா தன்னை ஆசீர்வதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டுதான் கையை எடுக்காமல் வந்திருக்கிறார். இதைப் பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார். உங்களிடம் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது.

சாமியார் வந்ததும் நீங்கள் கும்பிட்டுவிட்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னீர்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர் கேட்டார். ஒரு செபமாலை சொல்ற நேரம் குடுங்க சாமி என்றீர்கள். அவர் அங்கேயே செபமாலையைத் தொடங்கிவிட்டார். இருட்டில் சனங்கள் அருள்நிறை மந்திரம் சொல்ல, நீங்களும் லைட் செட்காரரும் மூன்றாவது கம்பியைத் திரும்ப முடுக்கினீர்கள். சுவிட்சை ஏற்றினால் உடனே விழுந்தது. ஒவ்வொரு வரிசையாகக் கழற்றிக் கழற்றி ஏற்றிப் பார்த்தீர்கள். உப்பு குவிந்து கிடந்த கீழ் வரிசைகளைக் கழற்றியதும் சுவிட்ச் விழாமல் நின்றது. மேலே கிரீடமும் முகமும் மட்டும் பளீரென்று எரிந்தன. பாதத்தில் வெளிச்சமில்லை. அரை வெளிச்சத்தோடு சப்பரம் நகர்ந்தது. அது போதாது என்று முனகியவர்களும் இருந்தார்கள். எனக்கென்னவோ மாதாவின் முகத்தை அந்த வருஷம்தான் நன்றாகப் பார்த்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நன்றாக இல்லை, இல்லையா மதினி. அண்ணன் உங்களோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை நான்தான் எடுத்து வைக்க வேண்டியிருந்தது. நாலு பேருக்கு முன்னால் புருஷனைத் தலைகுனிய வைத்துவிட்டாள் என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். நீங்கள் ஒருவரிடமும் வாதாடவில்லை. கடைக்கு வந்தீர்கள், ஒயர் வெட்டினீர்கள், ஆடு கட்டுவார்களா என்று கேட்டீர்கள். ஒரு மத்தியானம் குடோனில் ஒயர்க் கட்டுகளுக்குப் பின்னால் நீங்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி வந்துவிட்டேன். உங்களுக்கு நீங்கள் செய்ததில் சந்தேகமே வரவில்லை என்று ஊர் நினைத்தது. சந்தேகம் இல்லாதவருக்கு வலிக்காது என்று யார் சொன்னார்கள்.

அடுத்த திருவிழாவுக்கு முன்னால் கமிட்டிக் கூட்டத்தில் உப்புப் போடுவதையே தடுத்துவிடலாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அண்ணன் வீட்டுக்கு வந்து, யாரைப் பார்த்தும் பேசாமல், உப்பை நிறுத்தலாமா என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். சமாதானத்துக்கு வருகிற அழகு அது. நீங்கள் அடுப்படியிலிருந்து பதில் சொன்னீர்கள்.

"உப்பு அவுக நேர்ந்துக்கிட்டது. அதை நிறுத்த நாம யாரு? பல்பை உப்பு எட்டாத எடத்துக்கு ஏத்துங்க."

அப்படியே செய்தார்கள். பல்புகள் மேலே போயின, ஹோல்டர்களுக்கெல்லாம் தண்ணீர் புகாத மூடி வந்தது, கசிவு கொஞ்சம் இருந்தாலே விழுந்துவிடுகிற மாதிரி ஒரு ட்ரிப் சுவிட்சை மதுரையிலிருந்து வரவழைத்தீர்கள். எல்லாம் முடிந்த பிறகு, பவனி கிளம்பும் நேரத்தில், பெண்கள் வரிசையில் உங்களைக் காணோம். தேடினால் சப்பரத்துக்கும் டெம்போவுக்கும் நடுவில் நிற்கிறீர்கள். அது ஆண்கள் நிற்கிற இடம். கிளம்பும் முன் சுவிட்சில் இருக்கிற சோதனைப் பொத்தானை அமுக்கினீர்கள். விளக்கெல்லாம் அணைந்தது, கூட்டம் உச்சுக்கொட்டியது. திரும்ப ஏற்றினீர்கள். பிறகு ஒரு கையைச் சப்பரத்தின் இரும்பில் வைத்து, மற்றக் கையை டெம்போவின் முகப்பில் வைத்து, தெருத் தெருவாக அப்படியே நடந்தீர்கள்.

வீட்டுக்கு வந்ததும், இதென்ன கூத்து என்று கேட்டேன்.

"ஒயரு எடுத்துக் குடுத்தது நான். பிடிச்சா என்னைப் பிடிக்கட்டும்" என்றீர்கள்.

அதன் பிறகு எந்த வருஷமும் நீங்கள் அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கமிட்டிகள் மாறின, சாமியார்கள் மாறினார்கள், லைட் செட்காரர் தொழிலை மகனிடம் கொடுத்தார். சப்பரம் கிளம்ப வேண்டுமென்றால் நீங்கள் வந்து நடுவில் நின்று இரண்டு கையையும் வைத்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. அது ஏதோ வேண்டுதல் என்று புதிதாக வந்தவர்கள் நினைத்தார்கள். உங்கள் மரு எப்போது உதிர்ந்தது என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. சர்க்கரை முற்றி, கால் வீங்கி, செருப்பே போட முடியாத வருஷத்திலும் வெறுங்காலோடு நடந்தீர்கள். வேண்டாம் மதினி என்று எத்தனை கெஞ்சினேன். என்மேல் எரிந்து விழுந்தீர்கள். உங்களைவிடத் தைரியமான மனுஷியை நான் பார்த்ததில்லை. இதை நீங்கள் இருக்கும்போது சொல்லியிருந்தால், போய் பில்லைப் போடு என்றிருப்பீர்கள்.

போன வாரம் பவனி. லைட் செட்காரர் மகன் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் கட்டியிருந்தான். மூன்றாவது கம்பி இருந்தது, சுவிட்ச் இருந்தது. ஆனால் சப்பரம் கிளம்பவில்லை. கமிட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சப்பரத்துக்கும் டெம்போவுக்கும் நடுவில் அந்த இடம் காலியாகக் கிடந்தது. அண்ணன் முழங்கால் வலியோடு கோயில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்க நாற்காலிக் கையை ஊன்றினார்.

நான் போனேன் மதினி. எனக்கு ஒயரைப் பற்றி இன்றைக்கும் பெரிதாக ஒன்றும் தெரியாது. உங்கள் அளவுக்கு மனிதர்களைப் பற்றியும் தெரியாது. பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. பொத்தானை அமுக்கினேன். விளக்கெல்லாம் அணைந்தது, கூட்டம் உச்சுக்கொட்டியது. திரும்ப ஏற்றினேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கையைச் சப்பரத்தில் வைத்தேன். மற்றக் கையை டெம்போவில் வைக்கும் முன் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டேன். வைத்தேன். சப்பரம் நகர்ந்தது. தெருவெல்லாம் உப்பு விழுந்தது, என் தலைமேல்கூட விழுந்தது. கடைசித் தெரு முடிந்து கோயிலுக்குத் திரும்பும் வரைக்கும் நான் கையை எடுக்கவில்லை.

கையில் ஒன்றும் ஏறவில்லை மதினி. வெறும் இரும்புதான், குளிர்ந்திருந்தது.